முற்றிய காயைப் போனில் கற்றுத்தருவது எப்படி?

ஏலச்செடியில் காய் கண்ணுக்கு நேரே தொங்குவதில்லை. ஆளை விட உயரமாக வளர்ந்த தட்டைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரங்களில் ஒளிந்திருக்கும். சரத்தின் அடிப்பக்கம் முதலில் பூத்து முதலில் காய்க்கிறது, நுனி கடைசியில். அதனால் ஒரே நாளில் ஒரே சரத்தில் நுனியில் பூ, நடுவில் பிஞ்சு, அடியில் முற்றிய காய் என்று மூன்று பருவமும் சேர்ந்திருக்கும். பிஞ்சும் பச்சை, முற்றியதும் பச்சை. பறிக்க உட்காருகிறவர் இரண்டையும் ஒரு பார்வையில் பிரித்து, முற்றியதை மட்டும் எடுத்து, மற்றதை அடுத்த பறிப்புக்கு விட்டுவைக்க வேண்டும்.

அவசரப்பட்டு எடுத்த பிஞ்சு, ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தின் சூட்டில் உலரும்போது சூம்பிப்போகும். மிஞ்சிப் பழுத்ததோ உலரும்போது தோல் வெடிக்கும். பச்சைக் காய் ஐந்து கிலோ போட்டால் உலர்ந்து வருவது ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்கு ஏலத்தில் என்ன விலை என்பதைப் பருமன், நிறம், லிட்டர் வெயிட் ஆகியவை முடிவு செய்கின்றன. அக்மார்க் தரத்தில் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்று பெயர் வாங்க வேண்டுமானால் 7 மில்லிமீட்டர் பருமன் வேண்டும். லிட்டர் படியில் அளந்தால் 435 கிராமுக்குக் குறையக் கூடாது. சூம்பிய காய் கலந்தால் அந்த எடை இறங்கிவிடும். போடிநாயக்கனூரில் கம்ப்யூட்டர் திரையில் நடக்கும் இ-ஏலத்தின் விலை, மலையில் ஒரு பெண்ணின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எடுத்த முடிவிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பெண் பெரும்பாலும் மலைக்காரர் அல்ல. ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் என்று மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போய் அன்றே இறங்கி வருகிறவர். இந்த வேலையை அவருக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தந்ததில்லை. பக்கத்து நிரையில் உட்கார்ந்திருந்த அத்தையோ மதினியோ காட்டிக்கொடுத்திருப்பார். இதே வேலையை நாளைக்கு ஒரு புது ஆளுக்குப் போன் வழியாகக் கற்றுத்தர வேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை எங்கும் ஊழியர் பயிற்சி போனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு 2020 இல் தொடங்கிய கர்மயோகி திட்டத்திலும் பாடங்கள் இணையவழிதான். அந்தப் பாடங்களை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஓர் இயல் இருக்கிறது. பயிற்சி வடிவமைப்பு என்று பெயர். அதன் அடிப்படைகள் அத்தனையையும் ஓர் ஏலக்காயை வைத்தே பார்த்துவிடலாம்.

பாடம் செய்யச் சொன்னால் நம்மில் பலரும் முதலில் செய்வது என்ன? ஏலக்காயின் வரலாறு, அதன் தாவரவியல் பெயர், ஏற்றுமதிக் கணக்கு என்று தெரிந்ததையெல்லாம் சேர்த்து முக்கால் மணி நேர வீடியோ எடுப்போம். எல்லாம் சரியான தகவலாகவே இருக்கும். பார்த்து முடித்தவர் சரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் விழிப்பார்.

1962 இல் ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் பயிற்சியின் குறிக்கோளை எழுதுவது பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இன்றைக்கும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் படிக்கும் புத்தகம். அதன் சாரம் இது: பயிற்சி முடிந்தபின் அந்த ஆள் எதைச் செய்து காட்டுவார், எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு சரியாக என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஏலக்காய் முதிர்ச்சி பற்றிப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை யாராலும் பார்க்கவோ அளக்கவோ முடியாது. ‘மழை இருட்டில், தோட்டத்துச் சரத்திலிருந்து, பிஞ்சைத் தொடாமல் முற்றிய காயை மட்டும் பறித்துக் கூடையில் போடுவார், நூறு காயைக் கொட்டிப் பார்த்தால் பிஞ்சு இத்தனைக்கு மேல் இராது’ என்று எழுதினால் பாடத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. வரலாறு வேண்டாம். தாவரவியல் பெயர் வேண்டாம். சரத்தின் அடியிலிருந்து நுனி நோக்கிப் பார்க்க வேண்டும் என்பது வேண்டும். ஆசை ஆசையாகச் சேகரித்த தகவலைத் தூக்கிப் போடுவதுதான் வடிவமைப்பவருக்குக் கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன்.

அடுத்த சிக்கல் இன்னும் சுவாரசியமானது. முப்பது வருடம் காய் எடுத்த அம்மாவிடம் போய், முற்றியதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், “பார்த்தாலே தெரியுமே” என்பார். உண்மையைத்தான் சொல்கிறார். அவருக்குப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்து ஒரு பாடம் கட்ட முடியாது.

உலகில் இதற்குப் பேர்போன உதாரணம் கோழிக்குஞ்சு. பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று பிரிக்கும் முறையை 1930களில் ஜப்பானியர்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குஞ்சின் ஆசனவாயை லேசாக விரித்து, உள்ளே இருக்கும் ஊசித்தலை அளவு மேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களிடமும் கிட்டத்தட்ட அதே பதில்தான். வருடக்கணக்கில் பக்கத்தில் இருந்து பழகினால்தான் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

1987 இல் இர்விங் பீடர்மன், மேகி ஷிஃப்ரார் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். அரை நூற்றாண்டில் ஐந்தரைக் கோடி குஞ்சுகளைப் பிரித்திருந்த கலிஃபோர்னியாக்காரர் ஒருவரைப் பிடித்து, படங்களைக் காட்டி, எந்த இடத்தைப் பார்க்கிறார், அங்கே எதைத் தேடுகிறார் என்று குடைந்து கேட்டார்கள். கடைசியில் விஷயம் ஒரு தாளுக்குள் அடங்கியது. இந்த இடத்தைப் பார். மேடு உருண்டு புடைத்திருந்தால் சேவல், தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் பெட்டை. இந்தத் துறையே தெரியாத ஆட்களிடம் 18 படங்களைக் கொடுத்தபோது, தாளைப் படிக்கும் முன் அவர்கள் சுமார் 60 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், அதாவது காசு சுண்டிப் போட்டதை விடக் கொஞ்சம் மேல். தாளைப் படித்தபின் அது 84 சதவீதமாக ஏறியது. அதே படங்களில் தொழில்முறை ஆட்களை விட இது அதிகம்.

இதைப் படித்துவிட்டு அனுபவமே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. அவை படங்கள், அதிலும் சிக்கலானவையும் கலந்தவை. உயிருள்ள குஞ்சைக் கையில் பிடித்து, மூன்று நான்கு நொடிக்குள் பார்த்து, அடுத்ததை எடுக்கும் வேகம் பழக்கத்தில்தான் வரும். ஆனால் எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லிவிட்டால், தட்டுத்தடுமாறி அலையும் முதல் சில மாதங்களை ஒரு நிமிடமாகச் சுருக்கிவிடலாம். இது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எத்தனையோ தொழில்களில் இப்படி ஒரு தாளில் அடங்கும் ரகசியம், அதை வைத்திருப்பவருக்கே தெரியாமல் அவர் விரல் நுனியில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வடிவமைப்பவர் மைக்கை எடுப்பதற்கு முன் தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்த அம்மாவிடம் ‘எப்படி’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு சரத்தை நடுவில் வைத்து, “இதை ஏன் விட்டீர்கள், இதை ஏன் எடுத்தீர்கள்” என்று காய் காயாகக் கேட்க வேண்டும். எடுத்த காயையும் விட்ட காயையும் உரித்துப் பார்த்தால் காரணம் வெளியே வரும். முற்றியதில் விதை கறுத்திருக்கும், பிஞ்சில் வெளுத்திருக்கும். கறுத்த விதை உள்ள காய் வெளியே எப்படி இருக்கிறது? உப்பித் திரண்டிருக்கிறது, காம்பிலிருந்து இழுபறியில்லாமல் கழன்று வருகிறது. பறிக்கும்போது உரித்துப் பார்க்க முடியாது. ஆனால் கற்கும்போது உரிக்கலாம். வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவைச் சொல், பிறகு உரித்துச் சரிபார் என்று இருபது முப்பது காயில் செய்தால், கண் தானாகவே பாடம் படிக்கத் தொடங்கும். போனில் இதைச் செய்வது சுலபம். ஒரு காயின் படம், ‘எடுக்கலாமா, விடலாமா’ என்று இரண்டு பொத்தான். தொட்டதும் அதே காய் உரித்த படம். முக்கால் மணி நேர வீடியோவை விட இந்த முப்பது படங்கள் அதிகம் கற்றுத்தரும்.

1940இல் இரண்டாம் உலகப் போருக்காகத் தொழிற்சாலைகளுக்கு லட்சக்கணக்கில் புது ஆட்களைச் சேர்க்க நேர்ந்தபோது அமெரிக்க அரசு தொடங்கிய பயிற்சித் திட்டமும் இதே வேலையைத்தான் செய்தது. ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்தார்கள். இடப்பக்கம் வேலையின் படிகள். வலப்பக்கம் அந்தப் படியில் சறுக்காமல் இருக்க வேண்டிய சூட்சுமம். போருக்குப் பின் அந்த முறை ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. டொயோட்டாவின் பயிற்சி முறைக்கு அடித்தளம் அதுதான்.

சூட்சுமம் கிடைத்தபின் அதை எப்படிக் கொடுப்பது? இங்கே மனித மூளையின் ஓர் எல்லை குறுக்கே வருகிறது. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய புது விஷயங்கள் மிகக் குறைவு. 1956இல் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் நான்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தின. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1988இல் இதை வைத்து ஒரு கோட்பாடே கட்டினார். பாடம் கடினமாக இருப்பது எப்போதும் விஷயத்தின் கடினத்தால் மட்டும் வருவதில்லை. சொல்லும் விதமே கற்பவர் தலையில் வீண் சுமை ஏற்றலாம் என்பது அதன் மையம். தெரிந்தவருக்கு அந்த எல்லை தொல்லை தராது. முப்பது வருடப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு சரம் முழுவதும் ஒரே விஷயம். புது ஆளுக்குக் காயின் நிறம், பருமன், காம்பு, பூவை ஒடிக்காமல் கையை நுழைப்பது, அட்டை, மழை என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சுமை.

திரையில் எழுத்தை நிரப்பி அதையே ஒரு குரல் வரி விடாமல் வாசிக்கும் பாடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வேண்டாம் என்று கலிஃபோர்னியாவின் ரிச்சர்டு மேயர் வருடக்கணக்கில் செய்த சோதனைகள் சொல்கின்றன. படத்தோடு குரல் சேர்ந்தால் கற்பது கூடுகிறது; படம், குரல், அதே சொற்கள் எழுத்திலும் என்று மூன்றும் சேர்ந்தால் குறைகிறது. கண் படத்தையும் எழுத்தையும் மாறி மாறித் துரத்துகிறது. பின்னணி இசை, ஓரத்தில் ஆடும் பொம்மை, சம்பந்தமில்லாத சுவையான துணுக்கு எல்லாம் அதே வகைதான். காயைக் காட்டும்போது காய் மட்டும் திரையில் இருக்கட்டும், குரல் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத கூலிப் பெண்ணுக்காகச் செய்யும் சலுகை இது என்று யாரும் எண்ண வேண்டாம். முனைவர் பட்டம் வாங்கியவர் மூளைக்கும் இதுவே வசதி.

கற்றது தங்குமா? 1885இல் ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதை எப்படித் தடுப்பது என்பதற்குத் தெளிவான விடை தந்தவர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக். 2006இல் அவர்கள் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பை ஒரு பத்தியை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு தரப்பை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்களே முன்னால், 81க்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். நினைவிலிருந்து எடுத்து எழுதியவர்களிடம் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது, மறுபடி படித்தவர்களிடம் 42. ஆக, கேள்வி கேட்பது மதிப்பெண் போட மட்டும் இல்லை; கேட்பதே கற்றுத்தருவதுதான். ஒரே மூச்சில் கொடுப்பதை விட, நாளுக்குக் கொஞ்சமாகவும், போன வாரத்துக் காயை இந்த வாரம் திரும்பக் கேட்டும் கொடுத்தால் இன்னும் ஆழமாகத் தங்கும்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வகத்துக் கதை என்று யாராவது நினைத்தால், ராசிங்காபுரம் இருக்கும் இதே தேனி மாவட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற பன்னாட்டு அமைப்பு, விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தை இங்கே விடியல் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. சுய உதவிக் குழுப் பெண்கள் ஆடு வளர்க்க வங்கிக் கடன் கேட்டார்கள். கடனில் ஆட்டோடு சேர்த்து ஒரு செல்போனும் வேண்டும் என்றார்கள். ஸ்மார்ட்போன் இன்னும் கிராமத்துக்கு வராத காலம் அது. இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனத்தின் வழியாக நாள்தோறும் அவர்கள் போனுக்குக் குரல் பாடம் வந்தது. ஒரு பாடத்தின் நீளம் சுமார் ஒரு நிமிடம். ஆட்டை வாங்கும்போது எதைப் பார்ப்பது, எந்த நோய்க்கு என்ன அறிகுறி, கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்று கால்நடை அறிவியல் தமிழில் காதுக்கு வந்தது. கே. பாலசுப்பிரமணியன், ஆஷா கன்வர் உள்ளிட்டோர் இதைப் பற்றி 2010இல் தொலைநிலைக் கல்விக்கான ஆய்விதழில் எழுதினார்கள்.

எளிய போன், ஒரு நிமிடக் குரல், வீடியோ இல்லை. ஆனாலும் நான் மேலே சொன்ன விதிகளில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. பாடம் சின்னது, அதனால் தலையில் சுமை இல்லை. நாள்தோறும் வருகிறது, அதனால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிகிறது. கேட்ட பாடத்தை அன்றைக்கே தன் கொட்டகையில் நிற்கும் ஆட்டிடம் செய்து பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆடு கடனில் வாங்கிய ஆடு. செத்தால் நஷ்டம் அவருக்கு. எந்த ஆய்வகத்திலும் உண்டாக்க முடியாத அக்கறை அது. பணியிடப் பயிற்சி செய்கிறவர்கள் தேனியிலிருந்து கற்க வேண்டிய முதல் விஷயமாக நான் இதைத்தான் வைப்பேன்: கற்பதால் கற்பவருக்கே என்ன லாபம் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். சூம்பாத காயால் லிட்டர் வெயிட் ஏறினால் அந்த லாபத்தில் பறித்தவருக்கும் பங்கு வர வேண்டும். இல்லாவிட்டால் எந்தச் செயலியும் நெடுநாள் ஓடாது.

யார் குரலில் பாடம் வர வேண்டும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2006இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரிகின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டத்தில், அந்தந்த வட்டாரத்து விவசாயிகளையே வைத்து வீடியோ எடுத்து ஊர்க்கூட்டங்களில் போட்டார்கள். பார்ப்பவர்கள் முதலில் கேட்டது, இவர் யார், எந்த ஊர்க்காரர் என்று. ஊரிலேயே ஒருவர் நடுவில் படத்தை நிறுத்தி, இதுவரை என்ன பார்த்தோம் என்று கேட்பார். 16 கிராமங்களில் நடந்த சோதனையில், வழக்கமான வேளாண் விரிவாக்கப் பணியோடு ஒப்பிட்டால் புது முறைகளைக் கடைப்பிடித்தவர்கள் ஏறக்குறைய ஏழு மடங்கு. நம் ஏலக்காய்ப் பாடத்தில் அந்த மூத்த அம்மாவின் குரலே ஒலிக்கட்டும். ஒலிப்பதிவுக்கு வரும் நாளுக்கு அவருக்கு முழுக் கூலி கிடைக்கட்டும்.

கற்பவரின் நேரத்துக்கும் கூலி உண்டு. ஜீப்பில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், அப்போது கேட்கட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இருட்டில் எழுந்து சோறாக்கிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு அந்தப் பயணம்தான் கண்ணயரும் நேரம். தூங்காத மூளையில் எதுவும் சரியாகத் தங்குவதுமில்லை. வேலைக்கான பயிற்சி வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும். காலையில் நிரைக்குப் போகும் முன் பத்து நிமிடம் போதும்.

பயன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு நிலைகளைச் சொன்னார். பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கின்றன. ஐந்து நட்சத்திரம் கொடுத்தாரா, கடைசி வரை ஓட்டினாரா என்று பார்த்துச் சான்றிதழ் அடிக்கின்றன. ஏலத்தோட்டத்தில் நான்கையும் பார்ப்பது சிரமமில்லை. பிடித்ததா என்பதை முகமே சொல்லும். முப்பது படத்தில் எத்தனை சரி என்பதைப் போன் சொல்லும். கூடையில் நூறு காயை எண்ணிப் பார்த்தால் மூன்றாவது. ஸ்டோரில் உலர்ந்து சலித்தபின் லிட்டர் படியில் அளந்தால் நான்காவது.

1975இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்த மாதிரியில் ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்கல், செயல்படுத்தல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள் உண்டு. இன்று உலகம் முழுவதும் பயிற்சித் துறையில் இதுதான் பாலபாடம். ஐந்தாவது படி முடிந்ததும் மறுபடி முதல் படிக்குப் போக வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடம் கேட்டவர்கள் எடுத்த காய் ஸ்டோரிலிருந்து உலர்ந்து வந்ததும் அதில் சூம்பியதைப் பொறுக்கித் தனியே குவிக்கட்டும். குவியல் குறையவில்லை என்றால் அவற்றை உரித்து, எந்த மாதிரிப் பிஞ்சு கண்ணை ஏமாற்றுகிறது என்று பார்க்கட்டும். அந்த மாதிரிக் காயின் பத்துப் படங்கள் அடுத்த வாரப் பாடத்தில் சேரட்டும்.